லட்டு இல்லாமல் வந்த மொட்டை

போன வார அத்தியாயத்தில் எம்.எல்.ஏ. வரதராஜனை விடியாத இருட்டில், காரும் இல்லாமல், காவலுக்குக் கன்மேனும் இல்லாமல் ஆர்.டி.சி. பஸ்ஸில் ஏற்றித் திருப்பதிப் பக்கம் அனுப்பியிருந்தோம். எதற்குப் போனார் என்று அவர் மனைவி பத்மாவதிக்கும் தெரியாது. பதினைந்து வருஷமாக அவருக்குப் பை தூக்கும் மச்சினன் கோபிகிருஷ்ணனுக்கும் தெரியாது. கன்மேனுக்குத் தெரிந்திருக்கலாம், பாவம், அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

பகல் பதினொரு மணிக்குச் சித்தூர் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மழுங்கச் சிரைத்த தலை, தலை நிறையச் சந்தனம். ஆள் இறங்கி நேராக உள்ளே நுழையப் பார்த்தார்.

கோபி கையை நீட்டி மறித்தான். "சார் ஊர்ல இல்லீங்க. சிபாரிசுன்னா நாளைக்கு வாங்க."

"டேய், நான்தான்டா."

குரல் மாமாவுடையது. தலை மட்டும் யாருடையதோ மாதிரி இருந்தது. பதினைந்து வருஷம் அந்தத் தலைக்குப் பின்னாலேயே நடந்தவன் கோபி. கூட்டத்தில் எங்கே தொலைந்தாலும் அந்தச் சுருட்டை முடியைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பான். இனி எதைப் பார்த்து நடப்பது?

பத்மாவதி கையில் கரண்டியோடு வந்தாள். கணவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். கும்பிடுவதற்காகச் சுற்றவில்லை, சந்தையில் மாடு பார்க்கிறவர்கள் சுற்றுவது போல.

"யாரு செத்தா?" என்றாள்.

"யாரும் சாவல."

"அப்புறம் ன்னாத்துக்கு மொட்டை?"

"வேண்டுதல்."

"ன்னா வேண்டுதல்?"

"வேண்டுதல்னா வேண்டுதல்தான். மைக் போட்டா சொல்லுவாங்க?"

பத்மாவதி அவர் கைகளைப் பார்த்தாள். இடது கையில் ஒன்றும் இல்லை. வலது கையிலும் ஒன்றும் இல்லை.

"லட்டு எங்க?"

எம்.எல்.ஏ.வின் நடை நின்றது. சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர் குறுக்கே எழுந்தால்கூட நிற்காத நடை அது.

"வாங்கல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சித்தூர் ஜில்லாவில் இது சின்ன விஷயமல்ல. கீழ்த்திருப்பதிக்குப் பல் பிடுங்கப் போய்வந்தவனிடமே லட்டு எங்கே என்று கேட்கிற ஊர். மலை ஏறி முடியையே கொடுத்தவன் வெறுங்கையோடு வந்தால், போலீஸ் வைத்து விசாரிக்க வேண்டிய கேஸ்.

பத்மாவதி தம்பியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"டேய் கோபி, மலைக்குப் போறாருன்னா உனக்குத் தெரியாம போவாரா?"

"எப்டிக்கா போவாரு? ரூம்பு, தரிசனம் எல்லாத்துக்கும் நான்தான போன் போடறேன்."

"போட்டியா?"

"இல்ல."

"அப்ப வரிசையில நின்னிருக்கணும். வரிசையில நின்னிருந்தா இன்னேரத்துக்கு வந்திருக்க மாட்டாரு. முடியக் குடுத்துட்டு சாமியப் பாக்காமலே எறங்கி வந்திருக்காரு." குரலைத் தாழ்த்தினாள். "திருப்பதியில யாரோ இருக்கா."

"அக்கா! பொம்பளையப் பாக்கப் போற ஆளு மீசைக்கு மை போடுவான். மொட்டையா போடுவான்?"

"நீ இப்டி நெனைக்கணும்னுதான் போட்டிருக்காரு."

இதற்குமேல் அக்காவோடு வாதாட எந்த வக்கீலாலும் முடியாது. கோபி சட்டியிலிருந்த ஒரு வடையை எடுத்துத் தின்னப் போனான். அவள் அவன் கைமேல் ஓர் அடி போட்டாள்.

இதற்குள் வாசலில் ஓர் அலறல். வெதுருகுப்பம் மண்டலக் கட்சித் தலைவர் பாலையா, அறை ஜன்னல் வழியாக மொட்டையைப் பார்த்துவிட்டிருந்தார். அலறல் துக்கத்தினால் அல்ல. ஆனந்தம்.

"டிக்கெட் வந்துடுச்சிடோய்! அண்ணா வேண்டுதல் தீத்துட்டு வந்துட்டாரு!"

பாலையாவைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் காரியம் முடிந்த பிறகுதான் முடி கொடுப்பார்கள். மகனுக்கு வேலை கிடைத்தால் கொடுப்பார்கள், போர்வெல்லில் தண்ணீர் வந்தால் கொடுப்பார்கள். ஒருத்தன் தலையைப் பார்த்தாலே அவனுக்கு என்னவோ பலித்துவிட்டது என்று அர்த்தம். தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து ஆகஸ்ட் மாதத்தில், தேர்தல் தேதி வந்து, வேட்பாளர் பட்டியல் வராமல் தொகுதியே நகம் கடித்துக்கொண்டிருக்கும்போது, ஓர் எம்.எல்.ஏ.வுக்குக் கட்சி டிக்கெட்டைத் தவிர வேறு என்ன பலிக்க முடியும்?

கால் மணி நேரத்தில் ஆயிரம் வாலா சரம் வெடித்தது. எங்கிருந்தோ இரண்டு பறையும் வந்தன. கோபிகூட ஒரு நிமிஷம் நம்பிவிட்டான். மாமா தனக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாரே என்று அறைக் கதவை முறைத்தான். இந்த முறை டிக்கெட் போனால் அவன் கதி மறுபடி மாம்பழக்கூழ் பாக்டரிதான். மாமாவிடம் வந்து சேர்வதற்கு முன்னால் ஒரு சீசன் அங்கே வேலை பார்த்தவன். பழம் கூழானதோ இல்லையோ, இவன் கூழாகி வீட்டுக்கு வந்தான்.

நடுப்பகலில் ஐதராபாத்திலிருந்து போன் வந்தது.

கட்சியின் பொதுச் செயலாளர் பேசினால் ரிசீவரை ஒரு முழம் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். அவர் குரலுக்கு உண்மையில் போனே தேவையில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தாலே கேட்கும்.

"ஏமய்யா கோபி, லிஸ்ட் இன்னும் என் பையில இருக்கு. அங்க எதுக்கு வெடி?" தெலுங்கில் கர்ஜித்தார். "ஹரிபாபு இப்பதான் போன் பண்ணான். உங்க ஆளு எதிர்க்கட்சியில டிக்கெட் வாங்கிட்டானாமே? அதுக்குத்தான் மொட்டையாமே?"

ஹரிபாபு என்பவர் அதே தொகுதியில் அதே டிக்கெட்டுக்கு அலையும் ரோடு காண்ட்ராக்டர். வெடிச்சத்தம் அடங்குவதற்குள் ஐதராபாத்துக்குச் செய்தி போய்விட்டிருக்கிறது. இந்த வீட்டுக்குள்ளிருந்து யாரோ சொல்கிறார்களா? கோபி சந்தேகத்தோடு கன்மேனைப் பார்த்தான். கன்மேன் சந்தேகத்தோடு கோபியைப் பார்த்தான்.

"ஐயோ சார், அப்டிலாம் ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப மொட்டை எதுக்கு? சாயங்காலம் மறுபடி கூப்பிடறேன். அவன் வாயால காரணம் வரணும். வரலைன்னா ஹரிபாபு பேரை எழுதிடுவேன்."

கோபி அறைக்குள் ஓடினான். எம்.எல்.ஏ. தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"வேண்டுதலை கட்சி ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ணணுமாடா?"

"மாமா, டிக்கெட்டு!"

"வந்தா வரட்டும், வரலைன்னா போட்டும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் துண்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகியிருந்ததைக் கோபி பார்த்தான். டிக்கெட் வேண்டாம் என்கிற ஆளின் விரல்கள் அல்ல அவை.

பத்மாவதி வாசற்படியில் நின்று முடிவு சொன்னாள். "இந்த ஆளு இந்த ஒலகத்துல ஒருத்தருக்குத்தான் பயப்படுவாரு. போய் எம் பொண்ணு யமுனாவைக் கூட்டிக்கினு வா. அவ கேட்டா சொல்லிடுவாரு."

"போன் போட்டா வந்துடும்ல?"

"போட்டேன். யாரும் எடுக்கல. நேரா திருப்பதிக்குப் போ. அப்டியே திருப்பதியில வேற யாரு இருக்கான்னும் பாத்துக்கினு வா."

*

கட்சிக் காரில் போனால் ஹரிபாபுவுக்குத் தெரிந்துவிடும். கோபியும் பஸ்ஸில்தான் போனான். ஜன்னலோரம் உட்கார்ந்து, மாமா எதற்கு மொட்டை போட்டிருப்பார் என்று பாதி வழியிலுள்ள பாக்காலா வரைக்கும் யோசித்தான். அதற்குமேல் தூங்கிவிட்டான்.

வரதராஜனின் அரசியல் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள ஜில்லாவில் யாரையும் கேட்கலாம். கூலி வேலைக் குடும்பத்தில் பிறந்து, தனித்தொகுதியில் சைக்கிளில் ஓட்டுக் கேட்டு ஒரு தடவை தோற்று, இரண்டு தடவை ஜெயித்தவர். சாராயக் கடைகளைப் பெண்களோடு சேர்ந்து மூட வைத்தவர். அதுவரை எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு சினிமா கொட்டகையில் இரண்டாம் ஆட்டம் கூடாது என்றார். இளைஞர்கள் கைதட்டுவதை நிறுத்தினார்கள். கேபிள் டி.வி. வந்தபோது ஒயரைப் பிடித்துத் தொங்கினார். ஊரே சிரித்தது. பெண்கள் ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும் என்று சட்டசபையில் பேசினார். மற்ற ஹாஸ்டல்கள் கேட்டனவோ இல்லையோ, அவர் மகள் யமுனா இருந்த ஹாஸ்டல் அடுத்த நாளே பூட்டியது. அந்த ஹாஸ்டலில் நூற்றுக்கணக்கான பெண்கள் யமுனாவோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஆனால் அவரைப் பார்த்து யாரும் சிரிக்காத விஷயம் ஒன்று உண்டு.

கங்காதர நெல்லூர்ப் பக்கத்து வெங்கடம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பெட்டியில் திரும்பி வந்தாள். மதராஸ் விமான நிலையத்தில் சரக்கு எடுக்கிற இடத்தில், மாம்பழக் கூடைகளுக்கும் டி.வி. பெட்டிகளுக்கும் நடுவில், எம்.எல்.ஏ. ஒரு பகல் முழுக்க நின்றார். பெட்டியின் முன்பக்கத்தைத் தானே பிடித்து லாரியில் ஏற்றினார். அன்றிலிருந்து ஒரே பேச்சு: நம்ம பொண்ணுங்க கடல் தாண்டி வேலைக்குப் போகக் கூடாது. ஊர் ஊராகப் பேசினார். ஏஜென்ட் கடை போர்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டார். போலீஸ் கேஸ்கூட ஆனது. அந்தப் பேச்சுதான் அவரை இரண்டாவது தடவை ஜெயிக்க வைத்தது.

கோபிக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். எங்கே நிறுத்தித் தண்ணீர் குடிப்பார் என்பதுகூடத் தெரியும். டம்ளரை நீட்டுவது இவன்தானே.

*

யமுனா எம்.சி.ஏ. முடித்துவிட்டுத் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். கதவைத் திறந்தது அவள் அறைத்தோழி ஸ்வீட்டி. சித்தூர் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்த நர்ஸ். ஒரு மூச்சில் ஒன்பது வார்த்தை பேசுகிற பெண்.

"வாங்க அங்கிள்! நீங்கதான யமுனாவோட மாமா? வெறுங்கையா வந்திருக்கீங்க? விசா கெடைச்சதுக்கு ஸ்வீட்டு எங்க?"

'அங்கிள்' முதலில் குத்தியது. 'விசா' அதற்குப் பின்னால் வந்து நன்றாகவே குத்தியது.

"ன்னா விசா?"

ஸ்வீட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொத்தியிருப்பாள் போலிருக்கிறது.

உள்ளேயிருந்து யமுனா வந்தாள். மாமாவைப் பார்த்தாள். ஸ்வீட்டியைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு மாமா. கத்தாத."

"நான் எங்க கத்தனேன்?"

"இப்ப கத்துவ." மூச்சை இழுத்துக்கொண்டாள். "திங்கக்கெழம மெட்ராஸ்ல ஃபிரெண்டு கல்யாணம்னு சொல்லிட்டுப் போனேன்ல. கல்யாணம் இல்ல. அமெரிக்கன் கான்சுலேட். விசா அடிச்சிக் குடுத்துட்டாங்க. ஐதராபாத் கம்பெனி ஒண்ணு அனுப்புது. அடுத்த மாசம் பிளைட்டு."

கோபி கத்தவில்லை. விரல் விட்டுக் கிழமைகளை எண்ணினான். பிறகு அவன் தலைக்குள் ஏதோ ஒன்று இன்னொன்றோடு போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை விசா. இன்று வியாழன். மொட்டை.

"அட சாமி" என்றான். "இதுக்குத்தானா!"

"எதுக்கு?"

"பாப்பா, உங்க நைனா இன்னிக்குக் காலையில மலைக்குப் போயி மொட்டை அடிச்சிக்கினு வந்திருக்காரு. யாருக்கும் காரணம் சொல்ல மாட்டேன்றாரு. எப்டி சொல்லுவாரு? ஊரு முழுக்க அப்டிப் பேசிட்டு, சொந்தப் பொண்ணுக்கு விசா வேண்டிக்கினேன்னு எப்டி வாய் தெறந்து சொல்லுவாரு?"

யமுனா அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நைனாவா? எனக்காகவா?"

"வேற யாருக்கு?"

"அவருக்கு எப்டித் தெரியும்? நான் அம்மாகிட்டகூட சொல்லலியே."

"எம்.எல்.ஏ.வாச்சே பாப்பா. அவங்களுக்குத் தெரியாம ஒரு எலை அசையுமா?" காலையில் மாமா பஸ் ஏறியது தனக்கே தெரியாது என்பதைக் கோபி அந்த நேரத்தில் மறந்துவிட்டான்.

யமுனா அழுதாள். குடும்பத்தில் எல்லோரும் சத்தம் போட்டு அழுகிறவர்கள். இவள் மட்டும் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுவாள். ஸ்வீட்டியும் அவளோடு சேர்ந்து அழுதாள், அங்கிளுக்கும் ஒரு கர்ச்சீப் கொடுத்தாள்.

"நாலு மாசமா ராத்திரி தூக்கம் இல்ல மாமா" என்றாள் யமுனா. "நைனா மூஞ்சில எப்டி முழிக்கறதுன்னு. ஏர்போர்ட்டுக்குப் போயி அங்கேர்ந்து போன் பண்ணிடலாமான்னுகூட நெனைச்சேன். வெங்கடம்மா பெட்டியத் தூக்கின கையி. அந்தக் கையால என்னை அனுப்புவாரான்னு."

"அனுப்புறாரு பாரு."

அவள் எழுந்து முகம் கழுவினாள். பாஸ்போர்ட்டை எடுத்து ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"வா, போலாம். நைனா கையில இதக் குடுத்துட்டு கால்ல விழணும்."

*

திரும்பும் பஸ்ஸில் கோபிக்குத்தான் நிம்மதி இல்லை. புதிர் அவிழ்ந்துவிட்டது, தலைவலி இப்போதுதான் ஆரம்பம்.

"பாப்பா, இப்ப ஒண்ணு கேளு. சாயங்காலம் ஐதராபாத்து ஆளு கூப்புடுவாரு. உண்மையச் சொன்னா டிக்கெட்டு காலி. ஹரிபாபு மைக்கக் கட்டிக்கினு, ஊரான் பொண்ணு போகக்கூடாது, எம்.எல்.ஏ. பொண்ணு போலாமான்னு கேப்பான்."

"கேக்கட்டும். கரெக்டுதான?"

"கரெக்டா தப்பான்னா நான் கேட்டேன்? நான் ஒரு ஐடியா வெச்சிருக்கேன். தலைவர் ஒடம்பு நல்லா இருக்கணும், தலைவர் மறுபடி முதலமைச்சர் ஆவணும்னு மொட்டை அடிச்சேன்னு சொல்லட்டும். டிக்கெட்டு மட்டுமா, மந்திரி பதவியே குடுப்பாங்க."

"நைனா பொய் சொல்ல மாட்டாரு."

"உனக்காக சாமிகிட்டயே ரகசியமாப் போயி வந்தவரு, ஒரு பொய் சொல்ல மாட்டாரா?"

யமுனா சிரித்தாள். காலையிலிருந்து அந்தக் குடும்பத்தில் சிரித்த முதல் ஆள். மடியில் இருந்த ஹேண்ட்பேக்கை எடுத்து மாமா மடியில் வைத்தாள். "நீயே வெச்சிக்கோ. பை தூக்கறதுதான உனக்குப் பழக்கம்."

*

வீட்டுக்குள் நுழைந்தபோது கூடம் நிறையக் கட்சிக்காரர்கள். பாலையா கையில் அடுத்த சரத்தோடு தயாராக இருந்தார். வரதராஜன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

யமுனா நேராகப் போய் அவர் காலைத் தொட்டாள். அவர் பதறி எழுந்தார். அவர் கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின. பிறகு அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

"எப்பம்மா வந்த? துன்னியா?"

"துன்னேன் நைனா." அவர் தலையைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு."

"எண்ணெ செலவு மிச்சம்" என்றார் எம்.எல்.ஏ.

பத்மாவதி தம்பியை ஓரம் கட்டினாள். "கண்டுபுடிச்சியா? யாரு அவ?"

"கண்டுபுடிச்சிட்டேன். உனக்கும் அவளத் தெரியும். அப்புறம் சொல்றேன்."

இது எவ்வளவு முட்டாள்தனமான பதில் என்பது அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கோபிக்கு உறைத்தது. அதற்குள் போன் அடித்தது.

கூடம் அடங்கியது. வரதராஜன் ரிசீவரை எடுத்தார். கோபி பக்கத்தில் குனிந்து, டம்ளர் நீட்டும் பாவனையில் காதோரம் கிசுகிசுத்தான்.

"மாமா, எல்லாம் தெரிஞ்சிடுச்சி. பாப்பாவும் சொல்லிடுச்சி. நீங்க உண்மையச் சொல்ல வேணாம். தலைவருக்காகன்னு சொல்லிடுங்க. டிக்கெட்டு கையில."

எம்.எல்.ஏ. ரிசீவரின் வாயைக் கையால் மூடினார்.

"டேய், தலைவருக்காகன்னு சொல்லிட்டா, எம் பொண்ணுக்குக் குடுத்த முடி தலைவர் கணக்குல போயிடும்டா. சாமி எத வெச்சிக்குவாரு, எத உடுவாரு?"

யமுனா அவர் தோளைத் தொட்டாள். கோபி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாம்பழக்கூழ் பாக்டரி பரவாயில்லை என்று அந்த ஒரு நிமிஷம் அவனுக்குத் தோன்றியது உண்மை.

"செப்பவய்யா வரதராஜுலு!" போன் கர்ஜித்தது. "சொல்லு, மொட்டை எதுக்கு?"

எம்.எல்.ஏ. நிமிர்ந்து நின்றார். தெலுங்கில், மெதுவாக, எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"என் பொண்ணுக்காக சார். அமெரிக்கா போறதுக்கு அலையறா. அவளுக்கு விசா கிடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு முடி கொடுத்தேன்."

யமுனாவின் கை அவர் தோளிலேயே இருந்தது. எடுக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

"காரியம் ஆன பிறகுதான் எல்லாரும் கொடுப்பாங்க. நான் முன்னாடியே கொடுத்துட்டேன். கிடைக்கலைன்னு தெரிஞ்ச பிறகுதான் சாமி முகத்தைப் பார்ப்பேன், லட்டு வாங்குவேன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். நூறு பொண்ணுங்களைத் தடுத்தவன் சார். என் பொண்ணுகிட்ட நேரா சொல்ல வாய் வரல. அதான் சாமிகிட்ட சொன்னேன். டிக்கெட் உங்க இஷ்டம்."

ஐதராபாத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது.

"அப்பா! இதுய்யா மனுஷன்! நாடே அமெரிக்கா, அமெரிக்கான்னு ஓடுது, நீ பொண்ணு போகக் கூடாதுன்னு மொட்டை போடறே! இந்தத் தேர்தல்ல இதைவிட ஒரு பேச்சு வேணுமா? ஞாயிற்றுக்கிழமை சித்தூர்ல கூட்டம். நான் வரேன். உன் பொண்ணை மேடை ஏத்து. நான் போகலைன்னு அவ வாயால சொல்லட்டும். அந்த மேடையிலேயே உன் பேரை அறிவிக்கிறேன். பொண்ணு வரலைன்னா மட்டும் ஹரிபாபு. சரியா?"

போன் வைக்கப்பட்டது. பாலையா சரத்தைப் பற்றவைக்க ஓடினார். கூட்டம் முழுக்க அவர் பின்னால் ஓடியது.

கூடத்தில் நாலு பேர்தான் மிச்சம். கோபி பையோடு ஓரமாக உட்கார்ந்தான்.

வரதராஜன் மகள் பக்கம் திரும்பினார். இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் என்கொயரி எந்த வூட்டுக்கு வரும்னு நெனைச்சம்மா? அந்தக் கான்ஸ்டபிளு எனக்கு சல்யூட் அடிச்சிட்டுத்தான் உம் பேரக் கேட்டாரு. எம்.சி.ஏ. படிச்ச பொண்ணு அமெரிக்காவுக்கு இல்லாம எங்க போவும்? சித்திரை மாசமே தெரியும். நீயா சொல்லுவன்னு இருந்தேன்." குரல் கொஞ்சம் உடைந்தது. "மேடைக்கு வான்னு நான் சொல்ல மாட்டேன். டிக்கெட்டுக்காக உன்னை நிறுத்தனேன்னு பேரு வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லிடு. இண்டர்வியூ எப்போ?"

யமுனாவின் கண் தன்னையறியாமல் மாமாவின் மடிக்குப் போனது.

கோபி இரண்டு கையாலும் ஹேண்ட்பேக்கை அணைத்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருஷத்தில் எத்தனையோ பை தூக்கியிருக்கிறான். ஒன்றையும் இப்படிப் பிடித்ததில்லை.

வெளியே சரம் வெடித்து ஓய்ந்தது. காலையிலிருந்து எதையுமே நம்பாத பத்மாவதி, மகள் பார்த்த இடத்தைப் பார்த்தாள். மெதுவாக நடந்து தம்பியின் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தாங்க" என்றாள் கணவனிடம். "அவ பதில் சொல்றது இருக்கட்டும். எந் தம்பி எதுக்கு அவ பையக் கொழந்தையாட்டம் மடியில வெச்சிக்கினு உக்காந்திருக்கான்? மொதல்ல அதக் கேளுங்க."

கேட்டுவிட்டு அவள் காத்திருக்கவில்லை. ஜிப்பின் மேல் விரலை வைத்தாள்.